ஐந்தாம் மாடிக் கண்

வாடகைக்கு வந்தபோது அது வெறும் யன்னல்.
பீல் நகரம், இரண்டு மொழியில் பெயர் எழுதிய தெரு,
ரயில் பாதையைப் பார்த்த பக்கச் சுவரில்
தனியாக ஒன்று.
பாண் வெட்டும் பலகையை அதில் சாய்த்துக் காயவைப்பேன்.

மே மாதம் ஒரு தூக்கிமேடை வந்தது.
அதில் செவ்ரீன்,
முழங்கால்வரை வர்ணம் தெறித்த பெண்.
முதல் நாள் அவள் மீன் வரையவில்லை.
சுவர் முழுக்கக் கிறுக்கினாள்:
சுழி, அம்பு, ஏழு என்ற இலக்கம்,
ஒரு முள்ளுக்கரண்டி, யாரோ ஒருவனின் மூக்கு.
அதைப் படம் எடுத்து,
கைபேசியில் அதன்மேல் மீனைப் படுக்கவைத்து,
எந்தச் செதில் எந்தச் சுழியில் விழும் என்று பார்ப்பாளாம்.
கட்டம் போட்டால் தொலைந்துபோவேன், என்றாள்,
எல்லாக் கட்டத்துக்கும் ஒரே முகம்.

எட்டிப் பார்த்த என்னிடம் தூரிகையை நீட்டினாள்.
நீயும் ஏதாவது எழுது.
பெயர் எழுத வெட்கம்.
இரவு வேலையால் வந்து இன்னும் படுக்கவில்லை,
வாங்க மறந்த சாமான்தான் தலைக்குள் நின்றது.
கையை வெளியே விட்டு, கோணலாக,
'உப்பு' என்று எழுதினேன்.
வடிவாயிருக்கு, என்றாள்,
இந்த வளைவில் ஒரு துடுப்பைத் தொடங்கலாம்.

பதினொரு நாள்.
செதில்மேல் செதில்.
ஒன்பதாம் நாள் என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் செவுள்.
கண்ணை மட்டும் அவள் வரையவில்லை.
யன்னலைச் சுற்றி ஒரு பொன்வட்டம் போட்டுக்
கீழே இறங்கிவிட்டாள்.
கண் திறப்பதைக்
கடைசிவரை தள்ளிவைக்கும் சிற்பிகளைத் தெரியும்.
அதை வாடகைக்காரியிடம் விட்டுவிட்டுப்
போகிறவளை அப்போதுதான் பார்த்தேன்.

படம்பிடிக்க வந்தவன் ரெட்டோ.
மூன்று நாள், முக்காலியோடு, எதிர் நடைபாதையில்.
காலை எட்டு மணி வெயில்
செதில்களில் சரிந்து விழுமாம்.
காலை எட்டு மணிக்குத்தான்
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து நான் வந்து சேர்வேன்.
அவனுடைய ஷட்டர் திறக்கும் நேரம்
என்னுடைய ஷட்டர் கடகடவென்று இறங்கும்.

நான்காம் நாள் மணி அடித்தான்.
மீன் இமைக்காது, மேடம், என்றான் மிக மரியாதையாக,
அதுதானே இதன் கருத்து.
எனக்கும் தெரியும்.
பார்வையாலேயே முட்டை பொரிக்கும் என்று
மீனைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான்.
ஆனால் விடியவிடிய நானூறு கிலோ விரிப்பு மடித்த மீன்
தூங்கும், என்றேன்.
என் பிரெஞ்சில் 'விரிப்பு' வந்தது, 'மீன்' வந்தது,
இடையில் உள்ளதைக் கையால் சொன்னேன்.

மூடிய கண்ணோடே எடுத்தான்.

இப்போது அது அஞ்சலட்டை.
ரயில் நிலையக் கடையில் ஒன்று எண்பது பிராங்க்.
ஏரியின் துயரம் என்றது ஒரு பத்திரிகை.
நகரத்தின் உறங்கும் மனச்சாட்சி என்றது இன்னொன்று,
ஜெர்மனில், மிக நீளமாக.
செவ்ரீன் செய்தி அனுப்பினாள்:
எனக்குத் தோன்றாத இமை, நன்றி.
குறட்டையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை.

ஒரு ஞாயிறு, ஓய்வு நாள்,
ஷட்டரை ஏற்றிவிட்டுத் தெருவைக் கடந்தேன்.
கண்ணாயிருப்பவள் முகத்தைப் பார்க்க வேணுமென்றால்
ஐந்து மாடியும் இறங்கத்தான் வேணும்.
பெரிது.
வாயில் கொஞ்சம் சிடுசிடுப்பு, வாலில் கொஞ்சம் குறும்பு.
யாரோ ஒருவனின் மூக்கு எந்தச் செதிலுக்குள் போனதோ.
பொன்வட்டத்துக்குள் என் பாண் பலகை,
காயப்போட்ட நீலக் கையுறை இரண்டு.
கண்மணி இருக்கவேண்டிய இடத்தில்
ஒருவரும் இல்லை.

பக்கத்தில் ஒரு சிறுவன்
அதுக்குள்ளே யார், என்று தகப்பனைக் கேட்டான்.
யாருமில்லை, வர்ணம், என்றார் அவர்.
நானும் அண்ணாந்து பார்த்தபடி
தலையாட்டினேன்.

ஏரி மீன், நன்னீரில் பிறந்தது.
கண்ணுக்கு ஒரு சாண் கீழே,
நாலு பூச்சு நீலத்துக்கு அடியில்
உப்பு.
படியேறும்போதுதான் ஞாபகம் வந்தது,
வீட்டில் இன்றைக்கும் இல்லை,
கடையெல்லாம் பூட்டு.